தொடாமல் எழுதிய நாடி

சகோதரிகளே, நான் ஒரு நர்ஸ் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு பெண்ணின் கையைத் தொடாமலேயே அவளுடைய நாடி எண்பத்து நாலு என்று நான் எழுதினேன். இது உங்களில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் சாகக் கிடந்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. நம் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல யார் வருகிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுகிறவள் போலக் குனிந்துகொள்வேன். வாய் நீளமான இந்த ரத்னபாய்க்கு அந்த நேரத்தில் மட்டும் வாய் இருக்காது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

அது அறுபத்தாறாம் வருஷத்து மழைக்காலம். அப்போதும் நாங்கள் தாராவியில் இதே வீட்டில்தான் இருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் தினமும் சயானில் ரயில் ஏறி, பம்பாய்க்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு வேலைக்குப் போவேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எழுதிய கை என்னுடையது.

மழைக்காலம் என்றால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாய்த் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றாகிவிடும். எங்கள் வார்டில் நாற்பது கட்டில். அந்த ஜூலையில் கட்டில்களுக்கு நடுவிலும் பாய் போட்டுப் பெண்கள் படுத்திருந்தார்கள். டைபாய்டு, காமாலை, பேதி. காலையில் மூன்று நர்சுகள் இருக்க வேண்டும். ஒருத்தி கல்யாணமாகிக் கேரளாவுக்குப் போய்விட்டாள். இன்னொருத்திக்கு எங்கள் வார்டிலேயே காமாலை ஒட்டிக்கொண்டது. மிச்சம் நான். கூட கங்காபாய் என்ற மௌசி. நோயாளிகளைத் துடைத்து, கழுவி, படுக்கை மாற்றுகிற வேலைக்காரப் பெண்களை அங்கே எல்லாரும் மௌசி என்றுதான் கூப்பிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாத மராட்டிப் பெண்.

வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டு. "இந்த வாரம் மட்டும் வந்துவிடுங்கள் சிஸ்டர்" என்று ஆபீசில் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். அப்புறம் சொல்லக்கூட இல்லை, டியூட்டிப் பட்டியலில் என் பெயர் ஏழு நாளும் இருந்தது. ஜூன் முதல் வாரம் தொடங்கி அந்த நாள் வரைக்கும் நான் ஒரு நாள்கூட வீட்டில் இருக்கவில்லை.

சோர்வு என்றால் எல்லாரும் தூங்கி எழுந்திரு என்பார்கள். இது தூங்கினாலும் போகாத சோர்வு. முதலில் எரிச்சல் வந்தது. பார்க்க வருகிறவர்கள், டாக்டர்கள், மௌசி, என் பிள்ளைகள், எல்லார்மேலும் சள்ளென்று விழுந்தேன். அது பரவாயில்லை, எனக்கு இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. அப்புறம் எரிச்சலும் போய்விட்டது. அதுதான் பயங்கரம். தண்ணீர் தண்ணீர் என்று ஒருத்தி கத்துவாள். எனக்கு அது பக்கத்துக் கட்டிடத்தில் யாரோ கத்துகிற மாதிரிக் கேட்கும்.

ஒரு சாயங்காலம் என் மகள் சந்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். நான் பார்த்தேன். தையல் தேவையில்லை என்று சொல்லிவிட்டு அரிசியைக் களையப் போய்விட்டேன். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தது. எங்கள் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனுஷன். அன்றைக்கு அவர் சத்தம் போட்டார்.

"ஏட்டி, அது ஒன் புள்ள. வார்டு பெட்டு இல்ல."

எனக்கு அதற்கும் அழுகை வரவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், முகம் சுளிக்காமல் கேளுங்கள். சயான் ஸ்டேஷனில் மழையில் வழுக்குகிற படியில் கால் வைக்கும்போது ஒரு எண்ணம் வரும். இப்போது வழுக்கி விழுந்து கால் முறிந்தால் ஆறு வாரம் படுத்திருக்கலாமே. யாராவது கஞ்சி கொண்டுவந்து தருவார்களே. அந்த எண்ணம் எனக்கு இனித்தது. இனித்ததை நினைத்து ஒரு நாள் ரயிலிலேயே வெடவெடத்துப் போனேன். அன்று தொடங்கித்தான் அந்த ஜெபம். ரயில் தாதர் தாண்டும்போது தினமும் மனசுக்குள் ஒரே வரி: "ஆண்டவரே, இன்றைக்கு என் கையால் யாரும் சாகக்கூடாது." மற்ற ஜெபமெல்லாம் நின்றுபோயிற்று. இது மட்டும் இருந்தது. கடைசி வாரத்தில் இதுவும் வாயோடு நின்றது, உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீங்கள் கேட்பீர்கள், எப்படி இருக்கீங்க சிஸ்டர் என்று. "ஸ்தோத்திரம், சுகமா இருக்கேன்" என்பேன். எத்தனை ஞாயிறு அப்படிச் சொன்னேன்!

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு பலகையில் சார்ட் தொங்கும். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு கட்டம். காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷமாவது வேண்டும். நாற்பது பேர், பாயில் கிடக்கிறவர்கள் தனி. ஊசி போட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், புதிதாக வருகிறவர்களைச் சேர்க்க வேண்டும். முடியாது. முடியாதபோது என்ன செய்வோம்? பத்து மணிக் கட்டத்தைப் பார்த்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ இரண்டு மணிக் கட்டத்தில் எழுதிவிடுவோம். "பக்கத்து வீட்டப் பாத்து எழுதியாச்சா?" என்று நர்சுகள் எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். நான் மட்டும் அல்ல, எல்லாரும் செய்ததுதான். காலிக் கட்டம் இருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். பொய்க் கட்டத்துக்கு மெமோ வராது.

பதினேழாம் கட்டிலில் செல்லக்கனி. இருபத்திரண்டு வயது. தாராவியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் முத்தையா தோல் கிடங்கில் வேலை செய்தான். டைபாய்டில் மூன்றாம் வாரம். எல்லாரும் என்னை சிஸ்டர் என்பார்கள், இவள் மட்டும் அக்கா என்பாள்.

"எக்கா, நீங்க நம்ம ஊர்ப் பக்கந்தான? பேச்சுலயே தெரியுதே."

எனக்கு அது எரிச்சலாக இருந்தது. சிஸ்டர் என்றால் வேலையைச் செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். அக்கா என்றால் நின்று பேச வேண்டும். நான் நிற்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. பத்து மணிக்குச் செல்லக்கனியை நிஜமாகவே தொட்டுப் பார்த்தேன். முந்தின நாள் நூற்று மூன்று இருந்த காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருந்தது. நாடி எண்பத்து நாலு. காய்ச்சல் இறங்கினால் வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் டைபாய்டு மூன்றாம் வாரத்தில் அது திடீரென்று இறங்கினால் நர்சுகள் பயப்பட வேண்டும். குடலில் புண் உடைந்து உள்ளே ரத்தம் ஒழுகலாம். அப்போது காய்ச்சல் விழும், நாடி ஏறும். மணிக்கு மணி நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அது தெரியும், நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பயப்படவில்லை. சரி, ஒரு ஆள் தேறுகிறாள், ஒரு வேலை குறைந்தது என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் அந்தப் பக்கம் போனபோது அவள் என் சேலையைப் பிடித்தாள்.

"எக்கா, வயிறு என்னமோ செய்யுது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"டைபாய்டுன்னா அப்படித்தான் இருக்கும். சும்மா படு" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துக்கொண்டு போனேன். நிற்கக்கூட இல்லை. அந்த விரல்கள் சேலையிலிருந்து நழுவினது இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது.

ஒரு மணிக்கு வலிப்போடு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளோடு ஒரு மணி நேரம் போயிற்று. அப்புறம் நாற்பது பலகைகளையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் நாற்பது பேருக்கும் எழுதி முடித்தேன். பதினேழுக்கு நூறு, எண்பத்து நாலு. மத்தியான டியூட்டிக்கு வந்த ஏலியம்மாவிடம் வார்டை ஒப்படைத்தேன். எல்லாரும் எப்படி என்று கேட்டாள். எல்லாரும் சுகம் என்று சொன்னேன்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் நெருக்கடி. தாதர் தாண்டியதும் வண்டி குலுங்கியது. பக்கத்தில் நின்ற மீன்காரப் பெண் விழாமல் இருக்க என் மணிக்கட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். மழையில் ஊறிய கை, ஐஸ் மாதிரி இருந்தது. அவள் சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அந்தச் சில்லிப்பு போகவில்லை. கடைசியாக நாடி பார்க்க நான் ஒரு ஆளின் கையைப் பிடித்தது எப்போது என்று யோசித்தேன். பத்து மணிக்கு. அதற்கப்புறம்? பதினேழு? இரண்டு மணிக்குப் பதினேழின் கை எப்படி இருந்தது? சூடா, சில்லென்றா? எனக்குத் தெரியவில்லை. நான் தொடவேயில்லையே.

அப்போதுதான், சகோதரிகளே, பத்து மணிக்கு வந்திருக்க வேண்டிய பயம் வந்தது. காய்ச்சல் மூன்று டிகிரி விழுந்திருக்கிறது. வயிறு என்னமோ செய்கிறது என்றாள். கண் இருட்டுகிறது என்றாள். ஒவ்வொன்றாக அல்ல, மொத்தமாக மேலே விழுந்தது. மாட்டுங்காவில் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது.

இறங்கினேனே தவிர, எதிர்ப்பக்கம் போகக் கால் வரவில்லை. போனால் என்ன சொல்வது? தொடாமல் எழுதினேன் என்றா? வேலை போகும். நர்ஸ் பதிவே போகும். எங்கள் வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் போதாது. ஊரில் என் தம்பி தங்கைகள் என் மணியார்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போகாமல் இருந்தால்? ஏலியம்மா ஆறு மணிக்குப் பார்ப்பாள். ஒருவேளை ஒன்றும் இருக்காது. நான் பைத்தியம் மாதிரிக் கற்பனை செய்கிறேன். இப்படியே ஒரு வண்டி வந்து போயிற்று. இன்னொரு வண்டியும் வந்து போயிற்று. குடையை விரிக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

அங்கேதான் ஜெபித்தேன். கண்ணை மூடவில்லை, முழங்கால் போடவில்லை. "ஆண்டவரே, என் வேலையை எடுத்துக்கொள்ளும். இவளை எடுத்துக்கொள்ளாதேயும்." அவ்வளவுதான். வானத்திலிருந்து குரல் ஒன்றும் கேட்கவில்லை. மனசில் சமாதானமும் வரவில்லை. பயம் கூடத்தான் செய்தது. ஆனால் கால் நகர்ந்தது. படியேறி, பாலத்தைத் தாண்டி, எதிர் வண்டியில் ஏறினேன்.

வார்டுக்குள் நுழையும்போதே கங்காபாயின் சத்தம் கேட்டது. பார்வையாளர் நேரம், கூட்டம். பதினேழின் கட்டிலுக்கு முன்னால் கங்காபாய் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். முத்தையா மோசம்பிப் பழப் பையோடு நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"காய்ச்ச எறங்கிட்டுல்லா சிஸ்டர்! நல்லா ஒறங்குதா பாருங்க. எழுப்பவே மனசு வரல."

நான் அவளைப் பார்த்தேன். அது தூக்கம் அல்ல. முகம் சுண்ணாம்பு மாதிரி. உதட்டில் ரத்தமே இல்லை. கையைப் பிடித்தேன். சில்லென்று, வேர்வையோடு. நாடி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நூல் மாதிரி ஓடியது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நூற்று நாற்பது. போர்வையை விலக்கினால், படுக்கை விரிப்பில் தார் மாதிரிக் கறுப்பாக ரத்தம்.

நடந்தது இதுதான். கங்காபாய் பல வாரமாகவே என்னைக் கவனித்திருக்கிறாள். சிஸ்டர் தொடாமல் எழுதுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் சொல்லப் பயம், என் வாய்க்கு. ஆபீசில் சொன்னால் என் பிழைப்பு போய்விடுமே என்ற இரக்கம். அதனால் நான் பலகைகளோடு உட்கார்ந்ததும், தானே ஒவ்வொரு கட்டிலாகப் போய் எல்லார் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பாள். எண்ணத் தெரியாது, சூடா சில்லென்றா என்று மட்டும் தெரியும். அன்றைக்கு இரண்டாம் தடவை சுற்றி வந்தபோது, மூன்று மணிக்கு மேல், பதினேழின் கை சில்லென்று இருந்தது. ஏலியம்மாவிடம் ஓடினாள். ஏலியம்மா அந்த வலிப்புக்காரியின் நாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், சின்ன டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். அவரும் வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத பையன், அவர் கண்ணும் என் கண் மாதிரியே இருந்தது. பலகையை எடுத்துப் பார்த்தார். காய்ச்சல் குறைவு. நாடி எண்பத்து நாலு. இரண்டு மணிக்கு எடுத்தது. நல்ல தூக்கம், எழுப்பாதே என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். கங்காபாய் அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு போயிருக்கிறாள்: "ஹாத் தேகோ டாக்டர்சாப்! காகஜ் மத் தேகோ!" கையைப் பாருங்கள், காகிதத்தைப் பார்க்காதீர்கள் என்று. ஒரு மௌசியின் பேச்சு எடுபடுமா? ஒரு பக்கம் அவள் பேச்சு, இன்னொரு பக்கம் சீருடை போட்ட நர்ஸ் எழுதிய எண். என் எண்தான் ஜெயித்தது.

நான் அடுத்த வார்டுக்கு ஓடினேன். எத்தனையோ பேர் முன்னால் அந்த டாக்டரின் கையைப் பிடித்தேன்.

"அந்த எண் பொய் டாக்டர். நான் தொடவில்லை. தொடாமல் எழுதினேன். இப்போது நூற்று நாற்பது. படுக்கை முழுக்க ரத்தம்."

அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் விவரிக்க முடியாது. பிறகு இரண்டு பேரும் ஓடினோம்.

கட்டிலின் கால்மாட்டைக் கட்டை வைத்து உயர்த்தினோம். சலைன் ஏற்றினோம். பெரிய டாக்டர் வந்தார். முத்தையாவின் ரத்தம் பொருந்தியது. அவன் கையிலிருந்த பையை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினான். மோசம்பிகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன, யாரும் பொறுக்கவில்லை. நான் அவள் மணிக்கட்டை விடவில்லை. நூற்று நாற்பத்தாறு. நூற்று ஐம்பது. ஒரு தடவை விரலுக்கடியில் நாடியே காணாமல் போயிற்று. மறுபடி வந்தது. இவளை எடுத்துக்கொள்ளாதேயும், எடுத்துக்கொள்ளாதேயும் என்று ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ஜெபம் செய்தேன். மலைபோல் நம்பிக்கை வைத்து ஜெபித்தேன் என்று சொல்ல மாட்டேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கதறினேன், அவ்வளவுதான்.

ரத்தம் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து நூற்று முப்பத்தாறு. அப்புறம் நூற்று இருபத்தெட்டு. ஏழு மணிக்கு அவள் கண்ணைத் திறந்து, தாகமாக இருக்கிறது என்றாள். தண்ணீர் கொடுக்கக்கூடாது. உதட்டைப் பஞ்சால் நனைத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு மாதத்து அழுகை. கங்காபாய் தன் முந்தானையை நீட்டினாள். அழுக்கு முந்தானை. அதில்தான் முகம் துடைத்தேன்.

மறுநாள் மேட்ரன் கூப்பிட்டார். கோவாக்காரர், கண்டிப்பான பெண்மணி. காலையில் வீட்டில் எங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வேல போனா போட்டும். நீ உள்ளதச் சொல்லிட்டு வா" என்றார். மேட்ரன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். பார்க்க நேரமில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட வேண்டியதுதானே, யார் உன்னைப் பொய் எழுதச் சொன்னது என்று மேசையைத் தட்டினார். அழுது மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"காலியாக விட்டால் நீங்கள் மெமோ கொடுப்பீர்கள் மேடம். பொய் எழுதினால் கொடுக்க மாட்டீர்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதே, நாற்பது பேரையும் ஒருத்தியே பார்த்துவிடுகிறாள் என்று நீங்களும் நினைத்துக்கொண்டீர்கள்."

சொன்ன பிறகு செத்தேன் என்று நினைத்தேன். மேட்ரன் டியூட்டிப் பட்டியலை எடுத்து, ஜூன் மாதத்திலிருந்து என் பெயருக்கு நேரே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். அப்புறம் தண்டனை சொன்னார். பதினைந்து நாள் சஸ்பெண்ட். வேலைக்கு வரக்கூடாது.

பதினைந்து நாள்! ஆண்டவருக்கு நகைச்சுவை தெரியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. லீவு கேட்டு நாய் மாதிரி அலைந்தேன், கிடைக்கவில்லை. தண்டனையாக வந்தது. சம்பளம் பிடித்தார்கள், பிடிக்கட்டும். முதல் மூன்று நாள் தூங்கினேன். நாலாம் நாள் என் மகளின் முழங்காலைப் பார்த்தேன். தழும்பாகியிருந்தது. அதில் எண்ணெய் தடவிவிட்டேன். "வலிக்கலம்மா, அது எப்பவோ ஆறிட்டு" என்றாள். எனக்கு வலித்தது.

நான் திரும்பிப் போனபோது வார்டில் மேட்ரன் கையெழுத்துப் போட்ட ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்க்காத நாடியை எழுதக்கூடாது. நேரமில்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும், அதற்கு மெமோ கிடையாது. கை சில்லென்று இருப்பதாக மௌசி சொன்னால் நர்ஸ் உடனே போய்த் தொட வேண்டும். அடுத்த சில வாரம் எங்கள் சார்ட்டுகள் பல் விழுந்த வாய் மாதிரிப் பொக்கை பொக்கையாக இருந்தன. மேலதிகாரி வந்து குதித்தார். மேட்ரன் அந்தப் பலகைகளையே அவர் மேசையில் அடுக்கி வைத்து, இத்தனை பேரைத் தொட ஆள் இல்லை என்று காட்டினாராம். நாங்கள் வாயால் கேட்டபோது வராத இரண்டு நர்சுகள் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்து வந்தார்கள். வாராந்திர லீவு திரும்பி வந்தது. பதினோரு மணிக்கு இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து டீ குடிக்கவும் விட்டார்கள். ஏலியம்மா முதல் நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன் ரத்னா" என்று சொல்லி அழுதாள்.

ஆனால் எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. செல்லக்கனி இன்னும் பதினேழில்தான் இருந்தாள், எலும்பும் தோலுமாக, கஞ்சி குடித்துக்கொண்டு. மேட்ரனிடம் சொல்வதைவிட அவளிடம் சொல்லத்தான் நான் அதிகம் பயந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். சேலையை இழுத்துக்கொண்டு போனதையும் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுவதும் என்னைப் பார்க்கவில்லை. அக்கா என்று கூப்பிடவில்லை. அக்கா என்ற அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். மறுநாள் பத்து மணிக்குத் தெர்மாமீட்டரோடு போய் நின்றேன். முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

"பாத்து எழுதுங்க."

ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். எழுபத்தாறு. சொன்னேன். முகத்தை என் பக்கம் திருப்பி, "நெசந்தானக்கா?" என்றாள்.

இப்போது அவளுக்கு ஒரு ஆண் குழந்தை. சந்தில் எங்கே என்னைப் பார்த்தாலும் கையை நீட்டுவாள். குழந்தையின் கையையும் பிடித்து நீட்டுவாள். "இவனுக்கும் பாத்து எழுதிக்கிடுங்கக்கா" என்று சிரிப்பாள். நான் பார்ப்பேன். கடைத்தெருவில் நின்றுகொண்டு முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுவேன். ஜனங்கள் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் இரண்டு மணி அடித்தால் நான் பதினேழாம் கட்டிலைத் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் நான் செத்துப்போயிருந்த நாளில் பயமே இல்லாமல் இருந்தேன். பயத்தைத் திருப்பிக் கொடுத்ததுதான் கர்த்தர் எனக்குச் செய்த முதல் உபகாரம். அப்புறம் ஒரு மீன்காரப் பெண்ணின் ஈரக் கை, ஒரு மௌசியின் சத்தம், ஒரு சஸ்பென்ஷன். நான் கேட்டது ஒரு உயிர். அவர் இரண்டைக் கொடுத்தார், அவளுடையதையும் என்னுடையதையும்.

நம் கூட்டத்தில் நர்சுகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். ஆயாக்கள் இருக்கிறீர்கள். வீட்டில் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைவிட அதிகம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், போன ஞாயிறு சொன்னதைப் பார்த்து இந்த ஞாயிறும் சொல்லாதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். ஆண்டவரிடமும் அப்படியே சொல்லுங்கள். அவருக்கு நம் காலிக் கட்டத்தைப் பார்த்துக் கோபம் வராது. ஆள் அனுப்புவார், எனக்கு அனுப்பினார். கேட்கிறவர்களே, நீங்களும் சும்மா கேட்டுவிட்டுப் போகாதீர்கள். கையைப் பிடித்துக் கேளுங்கள்.

என்னை யாரும் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பேச ஆரம்பித்ததிலிருந்து இந்த நாற்காலிக்குப் பின்னால் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். நூற்றுப் பதினெட்டு. ரொம்பப் பயமாக இருக்கிறது, சகோதரிகளே. தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.